பதினேழாவது பதில்

மழை தூறிக்கொண்டிருந்த திங்கட்கிழமை. காலை பத்தே முக்கால். மூன்றாவது மாடி நடையில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐந்தாவதில் அவள். ஆறாவதில், கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒருவன்.

பார்த்தால் பிரார்த்தனை என்றுதான் தோன்றும். ஆனால் உதடுகள் ஓடிய வேகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது... ஆங்கிலம். தன்னைப் போலவே மனப்பாடம்.

சிரிப்பு வந்தது. அடக்குவதற்குள் அவன் கண்ணைத் திறந்துவிட்டான்.

அந்தக் கண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தையின் கண்கள் மாதிரி... எதைப் பார்த்தாலும் முதல் தடவை பார்ப்பது போல. நேர்முகத் தேர்வுக்கு வந்தவனுக்கு இப்படிக் கண் இருந்தால் எப்படி உருப்படுவான் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"சத்தமா சொல்லிட்டேனாங்க?" என்றான்.

"சத்தம் இல்ல. உதடு மட்டும்தான் ஓடுது... பிரேக் இல்லாம."

"பஸ் டிப்போவில பிரேக் பாக்கிறவன் நான். என்னைப் பாத்து இப்படிச் சொல்லிட்டீங்களே."

இந்தத் தடவை சிரிப்பு அடங்கவில்லை.

"எந்த போஸ்ட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டான்.

"துணிப் பிரிவு சூப்பர்வைசர்."

"நான் வண்டிப் பிரிவு. அப்பாடா... நமக்குள்ள சண்டைக்கு வழியில்ல."

இருபது நிமிடத்தில் அந்த வாக்கு பொய்யாகப் போவது இருவருக்கும் தெரியாது. கதவு திறந்து அவனை அழைத்தார்கள். எழுந்தான்.

"ஒரு நிமிஷம்... காலர் மடங்கியிருக்கு. இடது பக்கம்."

தடவிப் பார்த்துச் சரிசெய்துகொண்டான். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"துணிப் பிரிவுன்னு சொன்னேனே."

அவன் உள்ளே போன பிறகும் அந்தச் சிரிப்பு நடையில் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது.

அவள் ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மாதக் கடைசியோடு அந்தக் கூடத்தை மூடுகிறார்கள். இனிமேல் துணியெல்லாம் இந்த நிறுவனத்திடம்தான் வரும். பெரிய பெரிய கட்டடங்களின் துணி, வண்டி, துப்புரவு எல்லாவற்றையும் குத்தகைக்கு எடுத்துச் செய்கிற நிறுவனம். பல மொழிக்காரர்கள் சேர்ந்து வேலை செய்கிற இடமாதலால் ஏவுவதும், சண்டை போடுவதும், சமாதானமாவதும் அங்கே ஆங்கிலத்தில்தான். சூப்பர்வைசர் வேலை கிடைத்தால் தன்னோடு ஒருவரை அழைத்துவரலாம் என்று விளம்பரத்தில் இருந்தது. அந்த ஒருவர் யார் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அதே கூடத்து இஸ்திரி அக்கா. ஆக, இன்று அந்த அறைக்குள் போகப்போவது ஒருத்தி, வேலை இரண்டு பேருக்கு.

அறைச் சுவர் வெறும் பலகைத் தடுப்பு. கூரை வரைக்கும் எட்டவில்லை. உள்ளே பேசுவது அப்படியே கேட்டது.

"குழுவாக வேலை செய்த ஒரு அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்றது ஒரு பெண்குரல், ஆங்கிலத்தில்.

அவன் குரல் தொடங்கியது. "ஒரு மழை நாளில் எங்கள் உலர்த்தும் இயந்திரம் நின்றுபோனது. மறுநாள் காலைக்குள் எண்பத்து நான்கு சீட் கவர்கள் தேவை. நான் பயப்படவில்லை..."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆள் நடமாட்டம் இல்லாத நீண்ட தாழ்வாரத்தில் கயிறுகள் கட்டினேன். எல்லா மின்விசிறிகளையும் சுழலவிட்டேன். எங்கள் இஸ்திரிக்காரப் பெண்மணி என்னோடு எட்டு மாதமாகப் பேசுவதில்லை. நானே போய் மன்னிப்புக் கேட்டேன். ஏனென்றால் மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். அவர் ஒரு பக்கம் மூலைகளைப் பிடித்தார். நான் மறுபக்கம் பிடித்தேன்..."

அவள் அந்தப் பலகைத் தடுப்பையே வெறித்தாள்.

அது என் தாழ்வாரம். என் கயிறு. எண்பத்து நான்கும் என்னுடைய படுக்கை விரிப்புகள். அந்த எட்டு மாதமும்... என்னுடைய எட்டு மாதம்.

ஐந்து மாதம் முன்பு, மருந்துக்கடைக்கு மேலே நடக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பில் மிஸ் சொன்னார்கள், அவரவர் அனுபவத்தை அவரவர் வார்த்தையில் எழுதி வரச் சொல்லி. இவள் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். மிஸ் சிவப்பு மையில் திருத்திவிட்டு, "இதை மத்தவங்களுக்கும் காட்டலாமா?" என்று கேட்டார்கள். வகுப்பில் வாசிப்பார்கள் போல என்று பெருமையாகத் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல் இந்த அறை வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கதவு திறந்தது. வெளியே வந்தவன் புன்னகைத்தான். அவள் புன்னகைக்கவில்லை. அவள் முறை.

உள்ளே மூன்று பேர். நடுவில் தடித்த கண்ணாடி போட்ட அம்மா. கேள்வி அதேதான். அவளிடம் இருந்த பதிலும் அது ஒன்றுதான். வேறு எதையும் அவள் தயார் செய்துகொள்ளவில்லை... உண்மை கையில் இருக்கும்போது எதற்கு?

"ஒரு மழை நாளில் எங்கள் உலர்த்தும் இயந்திரம்..."

ஓரத்தில் இருந்த ஒல்லி மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கண்ணாடி அம்மா பெருமூச்சு விட்டார். "இன்று காலையிலிருந்து இந்த அறையில் நான்காவது தடவையாக மழை பெய்கிறது. ஒருவர் மேஜை விரிப்பு காயவைத்தார். ஒருவர் திரைச்சீலை. இப்போது போனவர் சீட் கவர். உங்களுடையது?"

"படுக்கை விரிப்பு..." என்றாள். "இது உண்மையிலேயே எனக்கு நடந்தது."

"அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்."

அவ்வளவுதான். ஐந்து மாத ஆங்கிலமும் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. அடுத்த கேள்விகளுக்கு ஆம், இல்லை என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. வெளியே வந்தவள் நாற்காலி இருந்த திசையைக்கூடப் பார்க்காமல் மாடிப்படி இறங்கினாள்.

"மேடம்... உங்க குடை."

கீழ்த்தளத்து வாசலில் அவன் மூச்சிரைக்க வந்து நின்றான். அவளுக்காகக் காத்திருந்திருக்கிறான். கையில் அவளுடைய நீலக் குடை.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"சீட் கவரை மடிக்க ரெண்டு பேர் எதுக்குங்க?"

"என்ன...?"

"தலையணை உறை அளவுதான் இருக்கும் அது. அதை மடிக்கவா எட்டு மாசம் பேசாத ஆள்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டீங்க? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் அளவு பாத்துச் சொல்லக் கூடாதா?"

அவனுடைய அந்தக் கண்கள் இன்னும் பெரிதாயின.

"பதினேழாவது பதில்... நீங்களா?"

பையிலிருந்து ஒரு சுருள் கம்பிப் புத்தகத்தை எடுத்தான். வேலைக்கான நாற்பது பதில்கள். ஜெராக்ஸ் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. பதினேழாம் பக்கம் ஓரமெல்லாம் கிரீஸ் பட்டுக் கறுத்திருந்தது. அவளுடைய வரிகள். மிஸ் போட்ட ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

"கதைன்னு நினைச்சேங்க. சத்தியமா. இப்படி ஒருத்தங்க நிஜமா இருப்பாங்கன்னு..." அவன் தடுமாறினான். "மூணு மாசமா தினமும் காலையில, பஸ்ஸுக்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு உங்களைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

"என்னை இல்ல. என் பதிலை."

"ஆமா... பதிலை." கொஞ்சம் தயங்கினான். "ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? ரொம்ப நாளா மனசுல கிடக்குது. அந்த அக்கா... இப்போ உங்ககிட்டப் பேசுறாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. இவ்வளவு நடந்த பிறகும் சிரிப்பு வரப் பார்க்கிறதே என்பதிலேயே கோபம் இரட்டிப்பாகியது.

"உங்களால என் பதில் எனக்கே இல்லாமப் போச்சு. புரியுதா?"

அவன் முகம் வாடிவிட்டது. "புரியுது. இப்பவே மேல போய்ச் சொல்லிடறேன். அது உங்களோடதுன்னு."

"வேண்டாம். என் வாழ்க்கை நிஜம்னு நீங்க வந்து சாட்சி சொல்லணுமா? உங்க வாயால எனக்கு ஒரு வேலை வர வேண்டாம். என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"சரிங்க... சொல்ல மாட்டேன்." குடையை நீட்டினான். "மழை..."

"அதையும் நீங்களே வெச்சுக்குங்க. என்னோடது எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு."

மழையில் இறங்கி நடந்தாள். திருப்பத்தில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். வாசலில் அவன் இல்லை.

அதற்குள்ளேயா போய்விட்டான்... என்று ஒரு சின்ன ஏமாற்றம். அதை உடனே மழைமேல் போட்டுவிட்டு நடையை எட்டிப்போட்டாள்.

மறுநாள் மதியம் சலவைக் கூடத்தில் விஷயத்தைக் கேட்டதும் இஸ்திரி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இரு இரு. அவன் என்னைப் பத்தியா கேட்டான்?"

"அக்கா, நான் வேலை போச்சேன்னு சொல்லிட்டிருக்கேன்..."

"அது தெரியுதுடி. மூணு மாசமா ஒருத்தன் என்னை நினைச்சிட்டிருந்திருக்கான், நீ சண்டை போட்டுட்டு வந்து நிக்கிறியே."

"உங்களை எங்க நினைச்சான்? என் பதிலை மனப்பாடம் பண்ணினான்."

"மனப்பாடம் பண்றவன் பரீட்சை முடிஞ்சதும் மறந்துட்டுப் போவான். அந்த அக்கா இப்போ பேசுறாங்களான்னு கேக்க மாட்டான்." அக்கா ஒரு விரிப்பை உதறினாள். "நான் ஒருநாள் லேட்டா வந்ததை நீ ரிஜிஸ்டர்ல லேட்டுன்னு எழுதிட்டே. எட்டு மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருந்தேன். என்ன கண்டேன்? ஒரு மூலையை ஜன்னல் கம்பியில கட்டிட்டு, பெரிய விரிப்பையெல்லாம் ஒத்தையா மடிச்சேன். கழுத்து வலிதான் மிச்சம். நீயா வந்து பேசினதும் வலி போச்சு. அதை அழகா இங்கிலீஷ்ல எழுதத் தெரிஞ்சுது உனக்கு. எழுதினபடி நடந்துக்கத் தெரியல."

அவள் எதிர்ப்புறம் போய் விரிப்பின் மூலைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ உங்களுக்கு வேலை வாங்கித் தர முடியலையேக்கா..."

"அது கிடக்கட்டும். குடையையும் குடுத்துட்டு வந்தியே, அதைச் சொல்லு."

"கோவத்துல..."

"கோவத்துல எல்லாரும் பொருளைப் பிடுங்கிட்டு வருவாங்க. இவ குடுத்துட்டு வந்திருக்கா." அக்கா விரிப்புக்கு மேலே புருவத்தை உயர்த்தினாள். "பயபுள்ள கண்ணு எப்படி இருக்கும்?"

"கவனிக்கலை."

"ம்... பொய் சொல்றதுன்னா கொஞ்சம் அளவு பாத்துச் சொல்லணும்னு யாரோ சொன்னாங்க."

புதன்கிழமை தொலைபேசி வந்தது. வியாழன் காலை பத்து மணிக்கு மறுபடி வரவும். ஏன் எதற்கு என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமையும் மழைதான். மூன்றாவது மாடி நடையில் ஆறு நாற்காலிகளும் காலி... ஆறாவதைத் தவிர. மடியில் நீலக் குடையை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை உதடு அசையவில்லை.

"உங்களையும் கூப்பிட்டாங்களா?" என்றாள்.

"ஆமாங்க. எதுக்குன்னு தெரியல." குடையை நீட்டினான். "காயவெச்சிட்டேன்."

காயவைத்திருந்தான் சரி, மடித்திருந்த அழகைப் பார்க்க வேண்டுமே. கசக்கிக் கயிறு கட்டிய பொட்டலம் மாதிரி இருந்தது. துணி மடிப்பதையே தொழிலாகக் கொண்டவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க... பாவமாக இருந்தது.

"பேசுறாங்க" என்றாள் திடீரென்று.

"யாரு?"

"அந்த அக்கா. நிறுத்தவே மாட்டேங்கிறாங்க."

அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அவள் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதவு திறந்தது. இருவரையும் சேர்த்தே உள்ளே அழைத்தார்கள்.

கண்ணாடி அம்மா முதலில் அவளைத்தான் பார்த்தார். "திங்கட்கிழமை நீங்கள் போன கொஞ்ச நேரத்தில் இவர் திரும்பி வந்தார். தான் சொன்ன பதில் தன்னுடையது இல்லை, தன் மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள் என்றார். யாருடையது என்று கேட்டேன். சொல்ல அனுமதி இல்லை என்றார்."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியானால் அன்று வாசலில் ஆள் இல்லாமல் போனது... மாடி ஏறத்தான்.

"ஏன் மனம் மாறினீர்கள் என்று கேட்டேன். சீட் கவரை மடிக்க இரண்டு பேர் எதற்கு என்று ஒருவர் கேட்டார், என்னிடம் பதில் இல்லை என்றார்." அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் இருக்கும் இவர்களுக்கும் தோன்றவில்லை. துணி மடித்துக் கை காய்த்தவருக்குத்தான் தோன்றும். இவரைத் தவிர மற்ற மூன்று பேரில் அது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் இல்லையா?"

அலமாரியைத் திறந்து, சலவைக்குப் போய் வந்து பந்தாகச் சுருண்டு கிடந்த பெரிய இரட்டைப் படுக்கை விரிப்பு ஒன்றை மேஜைமேல் போட்டார்.

"மடியுங்கள். இவரை வைத்துக்கொண்டு. ஆங்கிலத்தில்."

பதினேழாவது பதிலில் இதற்கு வார்த்தை கிடையாது. நாற்பதில் எதிலும் கிடையாது. அவள் ஒரு முனையை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"ஹோல்ட் தி கார்னர்ஸ்" என்றாள். "நாட் லைக் தட். டைட்."

"மேடம், என் கையில கிரீஸ் இருந்தாலும்..."

"இங்கிலீஷ்."

"மை ஹேண்ட்... ஓல்ட் கிரீஸ். த்ரீ டைம்ஸ் சோப்."

ஒல்லி மனிதர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை, வேலையில் இருந்தாள். நீளவாக்கில் பாதி, மறுபடி பாதி. உதறினாள். அவன் கையிலிருந்து ஒரு மூலை நழுவி விழுந்தது. "பிக் இட் அப். நோ ப்ராப்ளம். அகெய்ன்." எங்கிருந்து வருகின்றன இந்த வார்த்தைகள் என்று அவளுக்கே தெரியவில்லை. தேடவில்லை, திருத்தவில்லை. சலவைக் கூடத்தில் தினமும் தமிழில் போடுகிற அதே சத்தம், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது.

இப்போது விரிப்பு நீண்ட பட்டையாக இருவருக்கும் நடுவில் நின்றது. ஆறடி தூரம்.

"வாக் டு மீ" என்றாள்.

அவன் நடந்து வந்தான். மூலைகளை அவள் கையில் கொடுத்தான். விரல்கள் உரசின. குனிந்து, தொங்கிய மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். இப்போது மூன்றடிதான்.

"வாக் டு மீ."

வந்தான். அடுத்த மடிப்பில் ஒன்றரை அடிகூட இல்லை. மறுபடி அதையே சொல்ல வேண்டும். அவளுக்குக் குரல் வரவில்லை... அந்தக் கண்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்தன. அவனே ஒரு எட்டு வைத்தான். விரிப்பு முடிந்தது. இருவர் கைகளும் ஒரே மடிப்பின் மேல் இருந்தன.

"போதும், போதும்" என்றார் கண்ணாடி அம்மா. மேஜைமேல் வைத்த விரிப்பின் நான்கு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்தார். "துணிப் பிரிவு உங்களுடையது. முதல் தேதி வாருங்கள்."

"என்னோடு ஒருவரை..."

"எட்டு மாதம் பேசாதவர்தானே? அழைத்து வாருங்கள். எனக்கும் அவரைப் பார்க்க வேண்டும்." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இப்போது வேலை இல்லை. பொய்யாக ஒரு பதில் சொன்னீர்கள். திரும்பி வந்து உண்மையும் சொன்னீர்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஆள் எடுக்கிறோம். சொந்தமாக ஒரு பதிலோடு வாருங்கள்."

மாடிப்படி இறங்கும்போது அவன்தான் பேச்சை ஆரம்பித்தான். வேலை கிடைக்காதவன் மாதிரியே இல்லை.

"நல்லா இருக்கும் உங்க அக்காவுக்கு."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"மூணு மாசம்தானே. டிப்போ எங்கேயும் ஓடிப் போயிடாது. ஆனா சொந்தமா ஒரு பதில் வேணும். பஸ்ஸுக்கு அடியில ஒத்தையாக் கிடக்கிறவன் எங்க போய்க் குழுவா வேலை பாக்கிறது?" வாசலுக்கு வந்திருந்தார்கள். மழை வலுத்திருந்தது. "இன்னிக்குத்தான் முதல் தடவை... ஒரு படுக்கை விரிப்பு மடிச்சேன். அதைச் சொல்லலாமா?"

"சொல்லுங்க. ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் குடுத்துடாதீங்க."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"இன்னொண்ணும் இருக்குங்க. எந்தப் புத்தகத்திலயும் இல்ல, அதனால தப்புத் தப்பா வரும். மூணு மாசமா உங்களை மனப்பாடம் பண்ணிட்டேன். யாருன்னு தெரியாமலே பிடிச்சுது. ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கு அவங்களோடதையே பிடுங்கிட்டு நிக்கிறேன். திட்டினாங்க... அதுக்கப்புறம் இன்னும் பிடிச்சுது. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல." ஒரு மூச்சு விட்டான். "இப்பவே பதில் வேண்டாம். யோசிச்சுச் சொல்லுங்க. வேண்டாம்னாலும் சரிதான்."

சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், மழையில் இறங்கிவிட்டான். எதிர்ப்புறம் பஸ் நிறுத்தம். பாதித் தெருவைத் தாண்டுவதற்குள் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. காலர் மறுபடி மடங்கியிருந்தது... இடது பக்கம்.

அவள் கையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துக் குடையை விரித்தாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? எட்டு மாதமா? கழுத்து வலியா?

நடைபாதையின் விளிம்புக்கு வந்து நின்றாள். குரலை உயர்த்தினாள்.

"வாக் டு மீ."

அவன் திரும்பினான். நம்பாதவன் மாதிரி ஒரு கணம் மழையிலேயே நின்றான்.

பிறகு நடந்து வந்தான்.